நோட்டீஸ் போர்டுக்குப் பின்னால்

“நிறுத்து! டிராக்டரை நிறுத்துப்பா!”

லுங்கியை மடித்துக் கட்டியபடி சர்ச் காம்பவுண்டுச் சுவரேறிக் குதித்தார் ஜியாவுல்லா. ஐம்பத்தெட்டு வயசு. குதித்த வேகத்தில் ஒரு செருப்பு சுவருக்கு அந்தப் பக்கம், அவருடைய தோல் மண்டியிலேயே தங்கிவிட்டது. ஒற்றைச் செருப்போடு ஓடிப்போய் டிராக்டரை மறித்து நின்றார்.

டிரெய்லரில், பட்டுப்போனதால் வெட்டிய சர்ச் தூங்குமூஞ்சி மரத்தின் அடிக்கட்டை. செங்கல் சூளைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது.

“இன்னா சார் இது? அடிமரத்துலதான் நல்ல பலகை கிடைக்கும். அதைப் போய் சூளையில போடுறீங்க?”

சர்ச் கமிட்டி செயலாளர் ஞானசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரிட்டையர்ட் கணக்கு வாத்தியார். “எங்க மரம் பாய். உங்களுக்கு இன்னா வந்துச்சு?”

“என் மண்டி உப்புத்தண்ணி ஊறித்தான் மரம் பட்டுப்போச்சுன்னு திங்கக்கிழமை கலெக்டர்கிட்ட மனு குடுக்கப் போறீங்க இல்ல? உப்பு ஏறியிருந்தா இந்த அடிக்கட்டையிலதான் இருக்கணும். ஒரு பலகை அறுத்து வேலூர் லேபுக்கு அனுப்புங்க. உப்பு இருக்குன்னு சொல்லட்டும், நானே மண்டியைப் பூட்டிடறேன்.”

வீறாப்பாகத்தான் சொன்னார். ஆனால் மண்டிக்கு சீல் வைத்தால் பச்சைத்தோலுக்கு உப்பு போடுகிற பன்னிரண்டு பேர் நாளைக்கே தெருவில். அவர் பதிமூணாவது.

“அதுல முப்பது வருஷத்து ஆணி இருக்கு பாய். நோட்டீஸ் போர்டு, கிறிஸ்துமஸ் ஸ்டார் எல்லாம் அதுலதான் அடிச்சோம். ஹெப்சியோட பிளேடு பாழாய்டும்.”

பதில் தயாராக வந்தது. ரொம்பத் தயாராக. ஜியாவுல்லாவுக்கு அதுவே உறுத்தியது. எதை எரிக்க இவ்வளவு அவசரம்?

“போனா வேற பிளேடு போட்டுக்கிறேன் சார்,” என்றாள் ஹெப்சி. “அடிமரத்தையும் அறுக்கலாம்னு அப்பவே சொன்னேன், நீங்கதான் கேக்கல. இறக்குங்க.”

அறுக்கிற மெஷின் அவளுடையது. டிராக்டரில் கட்டி இழுத்து வரும் சின்ன மில். மரம் கிடக்கிற இடத்திலேயே தண்டவாளம் மாதிரி ரெண்டு சட்டத்தைப் போட்டு, கட்டையைப் படுக்க வைத்து, அதன் மேல் பிளேடை ஓட்டுவாள். சுடிதாருக்கு மேல் புருஷன் நெல்வினின் பழைய கட்டம் போட்ட சட்டை. நெல்வினுக்கு ஏசி, கேமரா மாட்டுகிற வேலை. சர்ச் சுவரிலிருந்து மண்டியை முறைக்கிற கேமராவும் அவன் மாட்டியதுதான்.

பிளேடு கட்டைக்குள் நுழைந்தது. மரத்தூள் பீய்ச்சியது. ஓரடி, ரெண்டடி...

க்ரீச்!

தீப்பொறி. ஹெப்சி சட்டென்று ஸ்விட்சைத் தட்டினாள்.

“சொன்னேனா இல்லியா? ஆணி!” ஞானசீலனின் குரலில் ஒரு திருப்தி.

அவள் பிளேடை மாற்றி, ரெண்டு விரல் மேலே தூக்கி வைத்து மறுபடி ஓட்டினாள். மேல்பலகை கழன்று வந்தது. மூணு பேரும் குனிந்தார்கள்.

நாலு ஓட்டை. ஒவ்வொன்றிலும் விரல் நுழையும். சுற்றிலும் மை கொட்டினாற்போல் மரம் கறுத்துக் கிடந்தது. கழன்ற பலகையைப் புரட்டினால், பட்டையோடு பட்டையாக, ஓட்டையை அடைத்த நாலு மரமுளை. மேலே களிமண் பூச்சு.

“இந்த இடத்துலதான போர்டு இருந்துச்சு...” ஞானசீலன் ஓட்டையைத் தொட்டுப் பார்த்தார். “பின்னால ஓட்டை போட்டு மருந்து ஊத்தியிருக்கான்.”

“அப்ப உப்பு இல்ல! அல்லாஹ்வே, உப்பு இல்ல!”

“உப்பு இல்ல பாய்.” வாத்தியார் மெதுவாக நிமிர்ந்தார். “விஷம். இலை கொட்டுது, தோல் மேல விழுது, மரத்தை வெட்டுங்கன்னு அஞ்சு தடவை வந்து நின்னது யாரு? இனிமே கலெக்டர் ஆபீஸ் இல்ல. ஸ்டேஷன்.”

ஜியாவுல்லா சுவர்க் கேமராவை நிமிர்ந்து பார்த்தார். தடுத்து இறக்க வைத்தது அவர். கிடைத்ததோ அவருக்கே விலங்கு.

“கேமரா இருக்கே சார், அதைப் போட்டுப் பாருங்க!”

“பதினஞ்சு நாளைக்கு மேல அதுல பதிவு நிக்காது.”

அப்போதுதான் ஜியாவுல்லா கவனித்தார். ஹெப்சி ஸ்க்ரூடிரைவரால் ஒரு ஓட்டையைக் குடைந்துகொண்டிருந்தாள். எதுவோ வெளியே வந்தது. ஒரு நொடி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவள், டக்கென்று சட்டைப் பாக்கெட்டில் போட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“ஹெப்சிம்மா, இன்னா அது?”

“ஆணி, பாய்.”

“காட்டு.”

“சாப்டுட்டு வர்றேன்.” ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டாள். போகிற போக்கில் திரும்பி, “சார், நான் வர்ற வரைக்கும் ஸ்டேஷனுக்குப் போகாதீங்க,” என்றாள்.

மணி பத்தரை. பத்தரைக்கு யார் சாப்பிடப் போவார்கள்?

ரெண்டு பேரும் கூட்டா? ஆணிக் கதையை வாத்தியார் கட்டுவது, கிடைத்த சாமானை இவள் மறைப்பது. ஜியாவுல்லா அடிக்கட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். இதை விட்டு எழுந்தால் இதுவும் சாம்பல். எதிரே, வேப்பமர நிழலில், ஞானசீலன் ரெண்டு பக்கத்துக்குப் புகார் எழுதினார். மண்டியின் பெயரைத் தடித்த எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டார்.

பதினொன்றரைக்கு ஸ்கூட்டி திரும்பி வந்தது. ஹெப்சியின் கண் சிவந்திருந்தது. தோளில் ஒரு கட்டைப்பை. பாக்கெட்டில் கிடந்ததை எடுத்துக் கட்டை மேல் வைத்தாள். ஆணி இல்லை. உடைந்த ட்ரில் பிட்டு, முனைப் பாதி.

“காங்கிரீட் பிட்டு,” என்றாள். “செவுத்துல போடுறது. மர வேலை தெரிஞ்சவன் இதைத் தொட மாட்டான். பாயோட ஆளுங்களுக்கு உப்பு அள்ளத்தான் தெரியும்.”

“இதை எதுக்கும்மா மறைச்ச?” ஜியாவுல்லா சீறினார்.

அவள் கட்டைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் ட்ரில் மெஷினை எடுத்தாள். அதன் வாயில், உடைந்த பிட்டின் மறுபாதி அப்படியே மாட்டிக்கொண்டு நின்றது. முனையை எடுத்து அதோடு சேர்த்துப் பிடித்தாள். நூல் பிசகாமல் பொருந்தியது.

ஞானசீலன் எழுந்தே விட்டார். “யாரும்மா? யாரோட மெஷின் இது?”

“மில்லு வாங்கின எட்டு மாசத்துல அறுக்க ஒரு மரம் வரல சார். இது பட்டா எங்களுக்கு வேலை வரும்னுதான். கேமரா மாட்ட வந்தப்ப ஒயர் இழுக்கணும்னு போர்டைக் கழட்டி மாட்டினது ஒரே ஆளுதான்.” அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. “புகார்ல பாய் பேரை அடிச்சிட்டு நெல்வின்னு எழுதுங்க. மெஷின் எங்க கட்டிலுக்கு அடியில இருந்துச்சு.”