சாம்பார் கொட்டிய வெள்ளைச் சட்டை

எங்கள் ஸ்டுடியோவில் ஒரு விதி உண்டு. சலவைத்தூள் விளம்பரம் என்றால், துவைத்த படத்தை முதலில் எடுக்க வேண்டும். புதுச் சட்டையை மாட்டிவிட்டுச் சிரிக்கச் சொன்னால் அதுதான் ‘துவைத்த பிறகு’. அப்புறம் எதை வேண்டுமானாலும் ஊற்றலாம். இந்த வேலை வந்ததும் அந்த விதியை நோட்டில் எழுதியவள் நான். படம் எடுக்கும் அன்று மறந்தவளும் நான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பழைய லேத் பட்டறையை வாடகைக்குப் பிடித்து, நானும் ஜஸ்டினும் எட்டு மாதமாக இதை நடத்துகிறோம். நனைந்த உடை, சேறு பூசிய உடை, சாயம் கொட்டிய உடை, இவைதான் எங்கள் படங்கள். கல்யாணம் நிச்சயமான ஐ.டி. ஜோடிகள் எங்கள் குழாய் மழையில் பட்டுச் சேலையோடு நனைய வருவார்கள். கேமரா ஜஸ்டினுடையது. சேறு கரைப்பதும் எடுக்க வேண்டிய படங்களுக்குப் பட்டியல் போடுவதும் என் வேலை. ஆவடியில் மாலை வகுப்பில் போட்டோகிராபி படிக்கிறேன் என்றாலும், வாடிக்கையாளர் முன்னால் கேமராவைத் தொட்டதில்லை. படம் கெட்டுவிடுமோ என்று பயம்.

அன்றைக்குத்தான் முதல் கம்பெனி வேலை. பாடியில் சலவைத்தூள் தயாரிக்கும் பஞ்சவர்ணம் அக்கா, புதுப் பாக்கெட்டுக்குப் படம் கேட்டிருந்தார். பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க அவருடைய வேலை எங்களுக்கு. மாடலாகத் தன் பாக்கிங் ஆள் திருமுருகனை அழைத்து வந்திருந்தார். கபடி ஆடுபவர், கதவில் பக்கவாட்டாகத்தான் நுழைய முடிந்தது. அவருக்கென்று அளவெடுத்துத் தைத்த வெள்ளைச் சட்டை ஒன்றே ஒன்று.

சாம்பாரில் இரண்டு கரண்டி மஞ்சள்தூள் கூடுதலாகக் கலந்திருந்தேன், நிறம் தூக்கலாகத் தெரிய. ஏணியில் ஏறி ஊற்றினேன். சட்டையில் விழுந்து சிதறியது. “சூப்பர்! இன்னொரு தபா!” என்று ஜஸ்டின் கத்தினான். “எக்கா, வாயில முருங்கக்கா மாட்டிகிச்சு” என்றார் திருமுருகன். எல்லோரும் சிரித்தோம்.

“சரி கண்ணு, தொவச்ச படத்த காட்டு” என்றார் பஞ்சவர்ணம் அக்கா.

பட்டியலைப் பார்த்தேன். தாளின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். முன்பக்கத்தின் முதல் வரி ‘துவைத்த படம்’, அதில் டிக் இல்லை.

ஜஸ்டின் பைக்கை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஓடினான். அரை மணி நேரத்தில் போன் வந்தது. “தோ பாரு, இந்த சைசுக்கு ஊர்லயே சட்ட இல்ல. கடக்காரன் கூடாரமா வேணும்னு கேக்குறான்.”

அக்காவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். என் காதெல்லாம் சுட்டது. அக்கா சேலையை இழுத்துச் செருகினார்.

“அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்ச தொங்க போட்டுகினு கீற? தூள் விக்கிறவ நானு. இங்கியே தொவச்சி எடுக்கறேன். டேய், சட்டைய கழட்டு!”

வாளியில் தூளைக் கரைத்துச் சட்டையை முக்கினார். அடுத்த நொடி மஞ்சள் கறை முழுவதும் ரத்தச் சிவப்பாக மாறியது. திருமுருகன் ஒரு அடி பின்னால் போனார்.

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. “இதான் கண்ணு என் தலவலி. மஞ்சள்ல சோப்பு பட்டா செவந்துடும். அலசி வெயில்ல போட்டா போயிடும். ஆனா யாரு நம்புறா? உன் தூளு சட்டைய நாசம் பண்ணிட்சுன்னு பாக்கெட்ட திருப்பி குடுக்கறாளுங்க.”

என் மனதில் ஏதோ பளிச்சென்றது. சொல்லலாமா? தப்பாக இருந்தால்?

“அக்கா, இதையே எடுத்தா? சாம்பார், சிவப்பு, வெயில், வெள்ளை. வரிசையா, நெஜமாவே. அப்ப நம்புவாங்கல்ல?”

“வெயில்ல போகலன்னா?”

“போகும்னு நீங்கதானே சொன்னீங்க?”

அவர் சிரித்தார். “எடு பாக்கலாம்!”

ஜஸ்டின் இன்னும் திரும்பி வரவில்லை. கேமராவை நானே எடுத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் போகஸை இரண்டு தடவை சரிபார்த்தேன். அக்காவின் விரல் இடுக்கில் வழிந்த சிவப்பு நுரை, தரைச் சரிவில் ஓடிய இளஞ்சிவப்புத் தண்ணீர், எல்லாவற்றையும் எடுத்தேன். மொட்டைமாடிக் கொடியில் சட்டையைப் போட்டதும் அரை மணிக்கு ஒரு படம். மணியைக் குறித்துக்கொண்டே எடுத்தேன். அலசியதில் சிவப்பு போய், பன்னிரண்டரைக்கு மஞ்சள். இரண்டுக்கு எலுமிச்சை நிறம். ஜஸ்டினும் வந்து சேர, நாலு பேரும் கொடியைச் சுற்றி நின்று, கிரிக்கெட் கடைசி ஓவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாலு மணிக்குச் சட்டைப் பைக்கு மேல் ஒரு ரூபாய் நாணய அளவில் மட்டும் மங்கலான ஒரு வட்டம் மிஞ்சியது.

“கம்ப்யூட்டர்ல அழிச்சிடலாம்க்கா” என்றான் ஜஸ்டின்.

“கைய வெச்ச, ஒத வாங்குவ. நாளிக்கு வெயில் வராதா?” என்றார் அக்கா.

ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. கூடுதல் மஞ்சள் இரண்டு கரண்டிதானா, மூன்றா என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

மறுநாள் பதினொன்றரைக்குத் திருமுருகன் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாடியில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். வட்டத்தைத் தேடினேன். லென்ஸை நெருக்கிப் பார்த்தும் காணவில்லை.

“இன்னா கண்ணு, கற இன்னும் கீதா?” என்று கேட்டார் அக்கா.

“இல்லக்கா!” என்று கத்திவிட்டேன்.

“அப்ப பாக்கெட்டு பின்னால நாலு படமும் இதான். அடுத்த மாசம் நம்ம சொட்டு நீலத்துக்கு படம், அதுக்கும் நீயே வந்து நில்லு. ஆனா பட்டியல நேரா புடி.”

ஜஸ்டின் கேமராவுக்காகக் கையை நீட்டினான். இன்னும் ஒரு படம் பாக்கி இருக்கிறது என்று சொல்லி நான் கொடுக்கவில்லை.