மித்காலின் பிண்ணாக்குக் குவியல்

ஆலிவ் ஆலை முதலாளி மித்கால் எனக்குத் தர வேண்டியிருந்தது அறுநூற்று நாற்பது தினார். இரண்டு பருவத்துக் கூலியில் அவர் பிடித்து வைத்த மிச்சம் அது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அப்போது எனக்கு எழுத்தும் தெரியாது. ஆனாலும் தொகையில் எங்களுக்குள் ஒருநாளும் தகராறு வந்ததில்லை. தருவதில்தான் தாமதம்.

அந்தப் பணம் போன இடம் ஆலை முற்றத்தில் நின்றது. ஆலிவ் பிழிந்தபின் மிஞ்சும் பிண்ணாக்கை, ஜிஃப்த் என்போம், அழுத்தி அடுப்பில் எரிக்கும் கட்டையாக்கும் இயந்திரம். பழசுதான். அதையும் வங்கிக் கடனில் வாங்கியிருந்தார், என் கூலி தவணைக்குப் போனது. "டீசல் விலை இப்படியே ஏறினா ஒரு குளிருக்கு இந்த மலையே என் வாசல்ல வந்து நிக்கும் பாரு" என்பார். மலை வந்து நிற்கவில்லை. முதல் வருஷம் அவசரத்தில் ஈரம் காயாமலே அழுத்திவிட்டோம். கட்டை எரிவதற்குப் பதில் புகைந்தது. வாங்கினவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே திருப்பிக் கொண்டுவந்து கொட்டினார்கள். இரண்டாம் வருஷம் ஒழுங்காகக் காயவைத்தோம், யாரும் நம்பி வாங்கவில்லை. பிண்ணாக்கு முற்றத்தில் குவிந்துகொண்டே போனது.

காய்ந்த பிண்ணாக்கின் தூசி என் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. படி ஏறினால் மூச்சு அடைத்தது. இந்த வேலையை விட்டுவிடு என்றார் டாக்டர். விட்டால் சாப்பாட்டுக்கு என்ன வழி? எனக்குத் தெரிந்த ஒரே வழி மூன்று பெண்ணாடு. மைத்துனனிடம் மேய்ச்சல் நிலம் இருந்தது, ஆடு வாங்கத்தான் பணம் இல்லை. மித்காலிடம் சொன்னேன். "பருவம் முடியட்டும் அபு நஜ்லா, கையில வெக்கிறேன்" என்றார். நஜ்லா என் மகள். அவள் பெயரைச் சொல்லித்தான் ஊரில் என்னைக் கூப்பிடுவார்கள். பருவம் முடிந்த வாரமே மித்கால் ஆலை வாசலில் சாய்ந்தார். நாங்கள் தூக்கும்போது உயிர் இல்லை.

மழைத் தூறலில் அடக்கம் செய்தோம். மண் தள்ளி முடிந்ததும், வழக்கப்படி மூத்த மகன் ராகான் எழுந்து நின்று கேட்டான்.

"எங்கப்பா யாருக்காவது ஏதாவது தர வேண்டியிருந்தா என்கிட்ட வாங்க. இல்லேன்னா அவரைப் பொறுத்துக்குங்க."

"பொறுத்தோம், பொறுத்தோம்" என்றது கூட்டம். எந்தக் கபுரடியிலும் அப்படித்தான் சொல்வது. அதில் என் குரலும் இருந்தது.

இறங்கி வரும்போது ஷஹாதா என் தோளில் கை போட்டான். எகிப்துக்காரன், ஆலையில் எனக்குக் கூட்டாளி, அங்கேயே ஒரு அறையில் தங்கியிருந்தான்.

"நீ பெரிய மனுஷன்தான் அபு நஜ்லா. அறுநூத்து நாப்பதையும் ஒத்தை வார்த்தையில விட்டுட்டியே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடுவழியில் நின்றுவிட்டேன்.

"என்ன, யோசிக்காம சொல்லிட்டியா?"

"வாயை மூடுடா."

"எனக்கு அந்த மனுஷன் ஒரே ஒரு தினார் தர வேண்டியிருந்தாலும் அங்க மூடிக்கிட்டு நின்னிருப்பேன். மூட வேண்டிய இடத்துல மூடாதது நீ."

மூன்று நாள் துக்கம் கழியும்வரை பொறுத்திருந்து ராகானைப் பார்க்கப் போனேன். கசப்புக் காப்பி ஊற்றிக் கொடுத்தான். நான் விஷயத்தைச் சொன்னதும் கெண்டியைக் கீழே வைத்தான். உறவு இல்லாவிட்டாலும் மரியாதைக்கு என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவான்.

"சித்தப்பா, என் பக்கத்துலதான் நின்னீங்க. பொறுத்தோம்னு நீங்க சொன்னது என் காதுல விழுந்துச்சு. இத்தனை பேர் முன்னால சொல்லிட்டு, இப்ப வந்து கேக்கிறது உங்களுக்கு நல்லாவா இருக்கு?"

பேச்சில் மரியாதை குறையவில்லை. ஆனால் கண்ணில் பயம் இருந்தது. வங்கிக்காரர்கள் அதற்குள் ஒரு தடவை வந்துவிட்டுப் போயிருந்தார்கள். எழுந்தேன்.

"அபு நஜ்லா, உக்காருங்க."

உள்கதவுக்குப் பின்னாலிருந்து வந்த குரல், ராகானின் தாயுடையது. கணவனை இழந்தவர்கள் காக்கும் இத்தாவில் இருந்தார். வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார். கதவு ஒரு கையளவு மட்டும் திறந்திருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். அன்னைக்கு மனசோட சொன்னீங்களா, கூட்டத்தோட சேந்து சொன்னீங்களா?"

மனசோடு என்று சொல்லிவிட்டால் என் மானம் நிற்கும், ஆடு போகும். வாயில் அந்த வார்த்தை வரத்தான் பார்த்தது.

"கூட்டத்தோட, உம்மு ராகான்" என்றேன். தலை தானாகக் குனிந்துகொண்டது.

"அம்மா, நீங்க இதுல—"

"நீ சும்மா இரு. அங்க படுத்திருக்கிறவர் என் புருஷன். வெறும் வாய்ச் சத்தத்தை வெச்சு நீ இங்க கணக்கை மூடிட்டா, அங்க மறுமையில அவரை விட்டுடுவாங்களா? கொடுத்துடு."

"எதைம்மா கொடுக்கிறது? இந்தக் காப்பிக்கொட்டையே கடன்ல வந்தது."

"ஆலை முற்றத்துல என்ன கிடக்கு? அதைக் கொடு. இயந்திரத்தைக் கொண்டுபோகத்தானே வங்கிக்காரன் வருவான், அதுக்குள்ள அழுத்தி எடுத்துக்கட்டும்."

குவியல் என் பொறுப்புக்கு வந்தது. அழுத்தி, விற்று, என் பாக்கிவரை எடுத்துக்கொள்வது என்று பேச்சு. ஷஹாதாவிடம் சொன்னபோது சிரித்தே விட்டான்.

"அப்போ உன் பழைய கூலியை வாங்க நீ புதுசா கூலி வேலை செய்யணும். எங்க ஊர்ல கழுதைகிட்டக்கூட இப்படிக் கேக்க மாட்டாங்க."

"கேட்டா கழுதை என்ன பண்ணும்?"

"உக்காந்துடும்."

அப்படிச் சொன்னவன்தான் மறுநாள் எனக்கு முன்னால் மண்வெட்டியோடு நின்றான். உடையும் கட்டையில் பாதி அவன் அறைக்கு. அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

குவியலின் மேல்தோடு மழையில் இறுகிக் கிடந்தது. வெட்டித் திறந்ததும் உள்ளிருந்து ஆவி அடித்தது. ஈரத்தோடு குவித்தால் பிண்ணாக்கு தானே புழுங்கிச் சூடேறிவிடும். நடுப்பகுதி கருகிச் சாம்பலாகவே போயிருந்தது. கனன்றுகொண்டிருந்த இடங்களில் மண்ணைப் போட்டு மூடினோம். தேறியதை ஆலைக்குள் தள்ளிவந்து, பழம் கொட்டும் தரையில் மெல்லிசாகப் பரப்பி, பலகையால் புரட்டிப் புரட்டிக் காயவைத்தோம். கையில் பிடித்தால் உருண்டை நிற்காமல் உதிர வேண்டும். அதுவரை இயந்திரத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். முதல் வருஷத்துப் புகை நினைவில் இருந்தது.

உதிர உதிரத் தூசிதான். ஈரத்துணியை மூக்கில் கட்டியும் நிற்கவில்லை. அரைமணிக்கு ஒருதரம் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன். விட்டு ஓட வேண்டும் என்று நினைத்த வேலையிலேயே, விட்டு ஓடுவதற்கான பணத்தையும் தேட வேண்டியதாயிற்று. இயந்திரத்தின் வாயிலிருந்து கட்டைகள் கறுப்பாக, பளபளப்பாக, சுடச்சுட வந்தன. அடுக்கி வைக்கும்போது உள்ளங்கை சுட்டது.

சாயங்காலம் உடைந்த துண்டுகளை ஒரு சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவேன். மற்ற வருஷங்களில் மண்ணெண்ணெய் அடுப்பை ராச் சாப்பாட்டு நேரத்துக்கு ஏற்றி, உடனே அணைத்துவிடுவோம். இப்போது கட்டை அடுப்பு படுக்கும்வரை எரிந்தது. என் மனைவி அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து, "மித்கால் பைத்தியம் இல்லபோல" என்றாள்.

அந்த மாதக் கடைசியில் பனி கொட்டியது. டீசல் வண்டி மலை ஏற முடியவில்லை. கீழ்ச்சாலையில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஃபவ்வாஸ் தன் பிக்கப்பை எப்படியோ உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"குஞ்சு எல்லாம் விறைச்சுச் சாவுது. அந்தக் கட்டை இருக்கா? அதே புகைக் கட்டையா?"

"எரிச்சுப் பாருங்க."

ஷஹாதாவின் அறை அடுப்பில் ஒன்றைப் போட்டோம். ஃபவ்வாஸ் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, மூக்கை நீட்டி நீட்டிப் பார்த்தார்.

"என்னய்யா, அடுப்பைக் கொஞ்சப் போறீங்களா? எனக்குத்தான் அது பொண்டாட்டி மாதிரி" என்றான் ஷஹாதா.

ஃபவ்வாஸ் சிரிக்கவில்லை. "போன தடவை கண்ணு ஒரு வாரம் எரிஞ்சுது. சந்தையில வெச்சு மித்காலை ஏமாத்துக்காரன்னு கத்திட்டேன்" என்றார். பிறகு எழுந்து, இருக்கிற அத்தனையும் வேண்டும் என்றார்.

தேறியது ஐந்து டன். டன் நூற்றுப்பத்து என்று விலை முடிந்தது. பணத்தை ராகானிடமே கொடுக்கச் சொன்னேன். கடனைத் தீர்க்க வேண்டிய கையிலிருந்து வரட்டும் என்று.

ராகான் தன் வீட்டுக்கு என்னை அழைத்து எண்ணிக் கொடுத்தான். ஐந்நூற்று ஐம்பது.

"தொண்ணூறு குறையுது சித்தப்பா. குவியல்ல இனி சாம்பல்தான். அடுத்த பருவத்துல எப்படியாவது..." அடுத்த பருவத்தில் ஆலை யார் கையில் இருக்கும் என்று அவனுக்கே தெரியாது. உள்கதவு பழையபடி கையளவு திறந்திருந்தது.

தொண்ணூறு என்றால் பாதி ஆடு. கையில் இருப்பதற்கு இரண்டு ஆடும் ஒரு மறிக்குட்டியும் கிடைக்கும். மறி வளர ஒரு வருஷம் ஆகும். அதுவரை சமாளிக்க முடியுமா என்று பார்த்தேன். முடியும் என்று தோன்றியது. அப்புறம் மித்கால்மேல் கோபம் மிச்சம் இருக்கிறதா என்றும் தேடிப் பார்த்தேன். முதல் வருஷம் இருந்தது. இப்போது கிடைக்கவில்லை.

"அந்தத் தொண்ணூறை விட்டுட்டேன்" என்றேன்.

"அபு நஜ்லா, இங்க கூட்டம் ஒண்ணும் இல்ல" என்றது கதவுக்குப் பின்னாலிருந்த குரல். "யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன், உம்மு ராகான். ஒரு மாசமா அவர் கட்டைதான் என் வீட்டு அடுப்புல எரியுது. அதை யாரும் எடை போடல. தொண்ணூறுல அதைக் கழிச்சாலும் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சம் என்னோடது. அதை மனசோட விடறேன். அல்லாஹ் சாட்சி."

கதவுக்குப் பின்னால் அவர் அழுதார். அடக்கத்தன்றுகூட அவர் அழுது நான் கேட்டதில்லை. ராகான் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மெல்ல விடுவித்துக்கொண்டு, பணத்தை உள்பையில் வைத்து, செருப்பை மாட்டினேன். மித்காலுக்கும் எனக்கும் நடுவில் இனி ஒன்றும் இல்லை.