காதுக்குக் கீழே ஒரு கட்டி

நான் விட்டுவந்த ஊரில் முடிவெட்டுகிறவளுக்கு வாய் இல்லையென்றால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். எவள் மாமியாரோடு மல்லுக்கு நிற்கிறாள், எவள் பிள்ளை பெயிலானான், எல்லாம் என் நாற்காலிக்கு வந்துதான் தெருவுக்குப் போகும். ஒருத்தி பின்கழுத்தில் கட்டியைப் பார்த்துவிட்டு, "அடிப்பாவி, இதை வெச்சுக்கிட்டா சுத்தறே? டாக்டர்கிட்ட ஓடுடி!" என்று கடையே அதிரக் கத்தினேன். பிழைத்துக்கொண்டாள். இன்றுவரை என்னைக் கும்பிடாத குறைதான்.

இந்த ஊரைப் பாருங்களேன். வருகிறார்கள், உட்காருகிறார்கள், கண்ணை மூடிக்கொள்கிறார்கள். இழவு வீட்டில்கூட இதைவிடக் கலகலப்பு இருக்கும். வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளியம்மா என்னை ஓரங்கட்டினார்.

"எவ்வளவு வெட்டணும்னு கேளு, தண்ணி சூடு போதுமான்னு கேளு. அதோட நிறுத்திக்கோ. அவங்க உடம்பைப் பத்தி மூச்சு விடக் கூடாது."

"முடி கொத்துக் கொத்தா கொட்டினாலும் சொல்லக் கூடாதாம்மா?"

"கூடாது."

என் வாய் சும்மா இருக்குமா? ஒருத்தியிடம் பொடுகு என்று சொல்லித் தொலைத்தேன். புகார் போய்விட்டது. இன்னொரு புகார் வந்தால் நடையைக் கட்டு என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. "தாயே, எனக்கு ஒரு வழி பிறக்கிற வரைக்கும் வாயைக் கட்டிக்கோ" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்த டீச்சர் விஷயம். பள்ளிக்கூடத்து டீச்சர். கொஞ்ச மாதமாக என் நாற்காலிக்குத்தான் வருகிறார். போன தடவை அவர் காதுக்குக் கீழே சுண்டைக்காய் அளவுக்கு என்னவோ விரலில் தட்டுப்பட்டது. இந்தத் தடவை முடியை ஒதுக்கினேன், பகீரென்றது. எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருந்தது.

பக்கத்து நாற்காலிக்காரியைப் பார்த்தேன். அவளும் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பேசாதே என்று மெல்லத் தலையை ஆட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு உயிர் போகப்போகிறது, இவளுக்குக் கடைச் சட்டம் பெரிதாய்ப் போயிற்று! மனுஷ ஜென்மங்களா இதுகள்? வேலை போனால் போகட்டும், கழுதை.

"டீச்சர், இங்க ஒரு கட்டி இருக்கு. போன தடவையைவிடப் பெருசாயிருக்கு. இன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கடை முழுக்கக் கத்திரிச் சத்தம் நின்றுபோனது. டீச்சர் கண்ணைத் திறந்தார்.

"தெரியும்மா. எல்லா வைத்தியமும் ஆயிடுச்சு. இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்லைன்னு அனுப்பிட்டாங்க."

கத்திரியைக் கீழே வைத்தேன்.

"இங்க எல்லாருக்கும் தெரியும்," என்றார் டீச்சர். "உனக்கு மட்டும்தான் தெரியாது. அதனாலதான் உன்கிட்ட வந்தேன்."

"என்ன சொல்றீங்க டீச்சர்?"

"அவங்க நல்லவங்கதான், ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. ஆனா விஷயம் தெரிஞ்ச நாள்லேர்ந்து என்னைத் தொடவே பயப்படறாங்க. என் வீட்டுலயும் அப்படித்தான். நீ ஒருத்திதான் தலையைப் புடிச்சு வெடுக்குனு திருப்புவே, சிக்கு விழுந்தா இழுத்து வாருவே. அந்தக் கொஞ்ச நேரம் நான் நல்லாயிருக்கிற மாதிரி இருக்கும்."

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்!

"சரி, வெட்டு. பாதித் தலையோட நான் எப்படித் தெருவுல போறது?"

கத்திரியை எடுத்தேன். எங்கே பட்டுவிடுமோ, எங்கே வலித்துவிடுமோ என்று காதுப் பக்கமே போகாமல் சுற்றிச் சுற்றி வந்தேன். முடியை இரண்டு விரல் நுனியால் தூக்கித் தூக்கி வெட்டினேன். டீச்சர் கண்ணாடியில் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போச்சு," என்றார். "உன் கையும் அவங்க கை மாதிரியே ஆயிடுச்சு."