வெறுங்கண்ணால் வெல்டிங்

பயம் என்பதே படிக்காதவர்கள் கண்டுபிடித்த சரக்கு. ஃபிசிக்ஸ் தெரிந்தவனிடம் அது செல்லாது. 1983இல், கார்த்திகை தீபத்துக்கு முதல் நாள், அக்கா வீட்டுப் பின்கட்டில் நின்றுகொண்டு ராஜேந்திரன் இதை அறிவித்தான். பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். ஒளியைப் பற்றிய பாடம் அந்த மாதம்தான் முடிந்திருந்தது.

கேட்டுக்கொண்டிருந்தவர் அக்கா புருஷன் தசரதன். செங்கம் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். தீபத்துக்கு வருகிற கூட்டம் தங்க இடமில்லாமல் தவிக்கும். அதனால் பட்டறையைச் சொந்தக்காரர்களுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு, மிஷினை வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தார். அப்போது அவர் கையில் ஒரு கண்மலர் இருந்தது. வெள்ளித் தகட்டில் அடித்த இரண்டு கண்கள். வருஷம் முழுக்க நெருப்பையே பார்க்கிற கண் கெடாமல் இருந்ததற்குத் தீபத்தன்று கோயிலில் செலுத்துவது அவர் வழக்கம்.

"ஏன் மாமா, சாமிக்கு ஏற்கெனவே மூணு கண்ணு. நீங்க வருஷம் தவறாம ரெண்டு போடுறீங்க. இத்தனையும் அவர் எங்க மாட்டிப்பாரு?"

"வாய் ஜாஸ்திடா உனக்கு," என்றாள் அக்கா சந்திரகலா.

"விடு கலா. படிக்கிற புள்ள," என்றார் தசரதன். அது பாராட்டா என்று ராஜேந்திரனுக்கு விளங்கவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் இருவரும் கோயிலுக்குப் போனதும், கால் ஒடிந்து மூலையில் கிடந்த இரும்பு முக்காலியை எடுத்து நடுவில் வைத்தான். அவர்கள் திரும்பி வரும்போது அது நிற்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

சுவிட்சைப் போட்டான். மிஷின் உறுமியது. முகமூடியைப் பிடித்ததும் உலகம் காணாமல் போயிற்று. அந்தக் கறுப்புக் கண்ணாடியில் முக்காலி இல்லை, ராடு இல்லை, சொந்தக் கையே இல்லை. குத்துமதிப்பாக ராடை நீட்டினான். செங்கல்லில் போய் முட்டியது. கண்ணை மறைத்துக்கொண்டு வேலை பார்ப்பது எந்த ஊர் நியாயம் என்று முகமூடியைக் கீழே வைத்தான். மலை உச்சியில் எரிகிற அவ்வளவு பெரிய தீபத்தைப் பிறந்ததிலிருந்து வெறுங்கண்ணால் பார்த்து வளர்ந்தவன். குச்சி முனையில் ஒரு பொறி என்ன செய்துவிடும்?

ராடு பட்டென்று வெடித்து முக்காலியோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. உறுமல் கனத்தது. ராடு நெடுகச் சிவந்து அவன் கையை நோக்கி ஏறி வந்தது. முக்காலியையே சேர்த்து உதறினான். விட்டது. நாலடி பின்னால் போய் நின்றிருந்தான், காற்றுக்காக என்று முடிவுசெய்தான். பிறகு விடாமல் தட்டினான். கண்ணுக்குள் பச்சையும் ஊதாவுமாகப் பூக்க, கடைசியில் பிடிகொழுக்கட்டைகளை அப்பியதுபோலக் கால் ஒட்டிக்கொண்டது.

சாயங்காலம் மலை தீபம் பார்க்கத் தெருவே மொட்டை மாடிகளில் நின்றது. ராஜேந்திரன் கண்ணில் யாரோ மணலை அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். இமையைத் திறந்தால் ஊசி குத்தியது. மூடினால் மணல். கண்ணீர் தாரையாகக் கொட்டியது. ஊரே அரோகரா என்று எழும்பியபோது அவனுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"தெரியுதாடா?" என்றாள் அக்கா.

"பிரமாதம்க்கா."

"மலை உனக்குப் பின்னாடி இருக்குடா."

தசரதன் வந்து அவன் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார். பின்கட்டில் முக்காலியை ஏற்கெனவே பார்த்துவிட்டுத்தான் மாடியேறியிருந்தார்.

"கண்ணாடி இல்லாம பண்ணியா?"

ராஜேந்திரன் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டான்.

"எவ்ளோ நேரம்?"

"கொஞ்சம்தான் மாமா." அவர் கையைத் தேடிப் பிடித்தான். "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

"இந்தக் கூட்டத்துல தெருமுனைக்கே போக முடியாது. ஈரத்துணி போட்டுப் படு. நாளைக்குத் தொறக்கும்."

"தொறக்கலைன்னா?"

"அது நாளைக்குப் பேசலாம்."

ஈரத்துணிக்கு அடியில் கிடந்தான். வெளியே மலை சுற்றப் போகிறவர்களின் காலடி ஓயவில்லை. அத்தனை பேருக்கும் வழி தெரிந்தது. கோபுர வாசலில் பிச்சைத் தட்டோடு உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான். நடுவே ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது. ஒளிப் பாடத்தை முதலிலிருந்து சொல்லிப் பார்த்தான். பிரதிபலிப்பு, விலகல், நிறப்பிரிகை. ஒளி போய்விட்டால் என்ன செய்வதென்று அதில் ஒரு வரியும் இல்லை. ஏதோ ஓர் இடத்தில் பாடத்தை விட்டுவிட்டு வேறொன்றைச் சொல்ல ஆரம்பித்தான். உதடு அசைவதை அக்கா பார்த்தாள், என்னவென்று கேட்கவில்லை.

மறுநாள் வெயில் ஏறியபிறகு இமை பிரிந்தது. முதலில் தெரிந்தது கூரையில் ஒரு பல்லி. வெகுநாள் காணாத பெரியப்பாவே வந்துவிட்டதுபோல அதையே வெகுநேரம் பார்த்தான்.

லைப்ரரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். தீபத்துக்கு லைப்ரரி மூடியிருந்தது அக்காவுக்கும் தெரியும்.

கோயில் வாசலில் கண்மலர் விற்கும் கடையில் உட்கார்ந்திருந்த அம்மாள், "யாருக்கு தம்பி வேண்டுதல்?" என்றாள்.

"எங்க மாமாவுக்கு."

"ஒத்தைக் கண்ணா, ரெண்டுமா?"

"ரெண்டும்."

உண்டியலுக்கு முன்னால் நின்று, காலேஜ் பையன்கள் யாரும் இருக்கிறார்களா என்று இப்படியும் அப்படியும் பார்த்தான். நன்றாகவே தெரிந்தது, யாரும் இல்லை. தகட்டை இரண்டு இமையிலும் ஒற்றி, சத்தம் வராமல் உள்ளே நழுவவிட்டான்.