வியாழக்கிழமை சுட்டது, ஞாயிற்றுக்கிழமை கேட்டது

“நான் சுட்டது வியாழக்கிழமை. அது ஞாயித்துக்கிழமை வந்து கேட்டா அதுக்கு நான் என்ன பண்றது?” என்று ஓர்ஃபா ஸ்டிடம் சபை வீட்டு வாசலில் நின்று கத்தினாள். எதிரே அவளுடைய கொழுந்தன் வெர்லின், தொப்பியைக் கையில் கசக்கியபடி, ஊர் முழுக்கக் கேட்கட்டும் என்ற குரலில், ஓய்வுநாளில் வேட்டையாடுவது ஒரு பாவம், அதை மறைப்பது இன்னொரு பாவம் என்று எண்ணிக்கொண்டிருந்தான். “உன் பொண்டாட்டி பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அவ மடியில வெச்சா சுட்டேன்?” என்றாள் ஓர்ஃபா. வெர்லினின் மனைவி தன் மடியைக் குனிந்து பார்த்துக்கொண்டது வேடிக்கை.

நடந்தது இதுதான். போதகர் கடைசி நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பின்மலையில் ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது. எக்காளம் ஊதியாயிற்று என்று நினைத்து மூன்று பேர் முழங்காலிட்டார்கள். எல்பர்ட் என்ற பெரியவர் பத்து வருடத்துக்கு முன் பக்கத்துப் பண்ணையில் காணாமல் போன கன்றுக்குட்டியைத் தான்தான் விற்றதாக உரக்க ஒப்புக்கொண்டார். சொன்னதைத் திரும்ப விழுங்க வழி தெரியாமல் மீதிப் பிரசங்கம் முழுக்கத் தவித்தார். சத்தம் யாருடையது என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. லாரல் லிக் பள்ளத்தாக்கில் கைக்குழந்தைகூட அம்மா குரலுக்கு அடுத்தபடியாகத் துப்பாக்கிகளின் குரலைத்தான் கற்றுக்கொள்ளும். வெர்லினுடையது ஐந்து தோட்டா கொள்ளும் துப்பாக்கி, சளி பிடித்தவன் இருமுவதுபோல் ஐந்து முறை இருமும். ஓர்ஃபாவுடையது பெட்டி மூடியை ஒரே அறையாக அறைந்து சாத்துவதுபோல் இருக்கும். அன்று கேட்டது அந்த அறைதான். அந்த நேரத்தில் துப்பாக்கி ஓர்ஃபாவின் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தது. ஓர்ஃபா இரண்டாவது பெஞ்சில் இருந்தாள்.

அந்தத் துப்பாக்கி வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஓர்ஃபாவின் கணவன் ஹோபர்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை சரிந்து இறந்த வருடம், அவனுடைய நல்ல துப்பாக்கியை அண்ணன் நினைவாக வெர்லின் எடுத்துக்கொண்டு போனான். நினைவு என்றால் சும்மாவா, ஐந்து தோட்டா நினைவு. மலைச்சரிவு நிலம் அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் இருந்ததால் அதை மட்டும் அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. மரவியாபாரி ஒருவர் சரிவில் நின்ற ஓக் மரங்களுக்கும், அணில் தேடிவரும் கொட்டை காய்க்கும் பீச் மரங்களுக்கும் நல்ல விலை சொல்லியிருந்தார். ஓர்ஃபா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அவள் போடவில்லை. இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஆண் துணையில்லாமல், அந்தச் சரிவில் ஒரு குளிர்காலம்கூடத் தாங்கமாட்டாள், தானாகவே டேட்டனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள் என்று வெர்லின் காத்திருந்தான். அந்நாளில் பாதிப் பள்ளத்தாக்கு அப்படித்தான் தொழிற்சாலை வேலை தேடி ஒஹாயோ பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ஓர்ஃபா காட்டில் மருந்துக்கு விலைபோகும் ஜின்செங் வேர் தோண்டி விற்ற காசைக் கொண்டுபோய் கிரிட் ஆம்பர்ஜியின் இரும்புக்கடையில் இருப்பதிலேயே மலிவான துப்பாக்கியைக் கேட்டாள். பதினெட்டு டாலர். ஒரு குழல், ஒரு விசை, பெருவிரலால் பின்னால் இழுக்க ஒரு கொக்கி. முதுகை முறித்துத் திறந்து ஒரு தோட்டாவைப் போட்டு மூடினால் வேலை முடிந்தது. கெட்டுப்போவதற்கு அதில் ஒன்றுமே இல்லை என்று கிரிட் சொன்னார். கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் நல்லதாக இருப்பதற்கும் ஒன்றுமில்லை என்று சிரித்தார்கள். தோட்டாவைப் பெட்டியாக வாங்க அவளிடம் பணமில்லை. கிரிட் வழக்கம்போல் பெட்டியை உடைத்து இரண்டிரண்டாக விற்றார்.

முதல் வாரம் அவள் சுட்டதும் சத்தம் அரைமணி கழித்து வந்தது. அணில் விழுந்தது, குழல் புகைந்தது, காடு மட்டும் சும்மா இருந்தது. அவள் தன் காது போய்விட்டது என்று நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த தோட்டாவைப் போட்டாள். பக்கத்துக் கிளையில் இருந்த அணில் கொட்டையைத் தின்றுகொண்டேயிருந்தது. அதற்குத்தான் ஒன்றும் கேட்கவில்லையே. வெர்லின் ஐந்து தோட்டாவையும் தீர்த்து, மலையில் மிச்ச அணிலையெல்லாம் விரட்டி, ஒரே ஓர் அணில் கொண்டு வந்த நாட்களில், அவள் இரண்டு தோட்டாவுக்கு இரண்டு அணில் கொண்டுவந்து மாவைக் கரைத்துக் குழம்பு வைத்தாள். அக்டோபரில் சத்தம் மூன்று நாள் தள்ளி வந்தது. நவம்பரில் இரண்டு வாரம். வரிசையும் கிடையாது, செவ்வாய் சுட்டது திங்கள் சுட்டதை முந்திக்கொண்டு வரும். சுட்ட இடத்தில்தான் வந்து வெடிக்கும், அது மட்டும் நிச்சயம்.

ஊர் முதலில் முணுமுணுத்தது, பிறகு பழகிக்கொண்டது. மாடுகள்கூடத் தலையைத் தூக்குவதை நிறுத்திவிட்டன. தபால் நிலையத்தில் இருந்த ஸெல்லா ஃப்யூகேட்டுக்கு மட்டும் புது வேலை கிடைத்தது. யார் கடிதம் யாருக்கு வருகிறது, உறை எவ்வளவு கனம் என்பதையெல்லாம் மனதிலேயே வைத்திருந்தவள், ஓர்ஃபாவின் ஒவ்வொரு சத்தத்தையும் தீவனக் கடைக் காலண்டரில் கோடு போட ஆரம்பித்தாள். லாரல் லிக்கில் பைபிளுக்கு அடுத்தபடி நம்பத் தகுந்தது அந்தக் காலண்டர் என்பதை அவளைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

டிசம்பர் கடைசியோடு அணில் வேட்டைக்குச் சட்டம் அனுமதித்த பருவம் முடிந்தது. ஓர்ஃபா துப்பாக்கியைத் துடைத்துக் கதவுக்குப் பின்னால் சாத்திவைத்தாள். ஆனால் மிச்சச் சத்தங்கள் ஜனவரியிலும் வந்துகொண்டிருந்தன. வெர்லின் மாவட்டத் தலைநகருக்கு ஒரு கடிதம் எழுதினான். கையெழுத்தில்லாத கடிதம்தான்; ஆனால் உறையை ஸெல்லாதான் முத்திரை குத்தினாள், அதனால் மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வேட்டை அதிகாரி டென்ஸில் ரோர்க் வந்தார். மனைவியை இழந்தவர், கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்க்கும் பழக்கமுள்ளவர். ஓர்ஃபா அவருக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருக்கும்போதே மலையில் ஒரு சத்தம் கேட்டது. அவர் கதவுக்குப் பின்னால் இருந்த துப்பாக்கியின் குழலில் விரலை விட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. “எனக்கும் இது பிடிபடலம்மா. ஆனா நான் கேட்டதைக் கேக்கலைன்னு எழுத முடியாது” என்று சொல்லித் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார்.

மாஜிஸ்திரேட் கார்னெட் வழக்கைச் சனிக்கிழமை எடுத்தார். இதேமாதிரி வேறொரு துப்பாக்கியை யாருக்கோ இரவல் கொடுத்துப் பருவம் முடிந்தும் வேட்டையாட விடுகிறாள் என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் துப்பாக்கி பறிமுதல், மேலே அபராதம். அபராதத்தைத் தானே கட்டிவிடுவதாக வெர்லின் பெரிய மனதோடு முன்வந்தான். அண்ணி மரவியாபாரியின் அந்தக் காகிதத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம். ஓர்ஃபாவுக்குக் கணக்கு புரிந்தது. துப்பாக்கி போனால் அடுத்த குளிர்காலத்தில் வெறும் சோள ரொட்டியும் பீன்ஸும்தான், அதற்கடுத்து டேட்டன் பேருந்து.

கிரிட் வந்து, தான் அவளுக்கு விற்றது அறுபத்திரண்டு தோட்டா என்று சாட்சி சொன்னார். பிள்ளைகள் கயிற்றில் கோத்து ஜன்னலில் தொங்கவிட்டிருந்த வெற்றுத் தோட்டாக் கூடுகளை எண்ணினார்கள், அறுபத்திரண்டு. ஸெல்லாவின் காலண்டரில் ஐம்பத்தெட்டுக் கோடுகள் இருந்தன, ஆக இன்னும் வர வேண்டியது நான்கு. இங்கேயே ஒன்று சுட்டுப் பார்த்துவிடலாமே என்று யாரோ சொன்னார்கள். மாஜிஸ்திரேட் மறுத்தார். சத்தம் வந்தால் நகரத்துக்குள் வெடித்த குற்றம் தன் தலையில் விழும், வராவிட்டால் எண்ணிக்கை அறுபத்துமூன்றாகிக் குழம்பும். கடைசியில் அவர் தீர்ப்புச் சொன்னார்: துப்பாக்கி தன் அறையில் பூட்டிக்கிடக்கும். பிப்ரவரி இருபதாம் தேதி மாலை ஐந்துக்குள் நான்கு சத்தம் வந்தால் வழக்கு தள்ளுபடி. குறைந்தாலும் பறிமுதல், கூடினாலும் பறிமுதல்.

அந்த மூன்று வாரமும் ரோர்க் கடிகாரத்தோடு சரிவில் இருந்த பழைய புகையிலைக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். ஒரு காது போதாது, இரண்டாவது சாட்சி வேண்டும் என்று ஸெல்லா தபால் நிலையத்தை மத்தியானமே மூடிவிட்டு, காலண்டரும் சூடான காப்பியுமாக அங்கே போய்ச் சேர்ந்தாள். முதல் சத்தம் மூன்றாம் நாள் வந்தது. இரண்டாவது அதற்கடுத்த புதன்கிழமை, பனி கொட்டும்போது. மூன்றாவது காலை உணவு நேரத்தில். ஓர்ஃபா ஒவ்வொன்றுக்கும் வாசலில் வந்து நின்றாள். நான்காவது வரவில்லை. அவள் இரவில் தூங்காமல், எந்த மரத்தடியில் எந்தத் தோட்டா என்று யோசித்து யோசித்து, காதை ஜன்னல் கண்ணாடியில் வைத்துக்கொண்டு கிடந்ததை மூத்த மகள் ஐவா பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள்.

இருபதாம் தேதியும் வந்தது. சத்தம் வரவில்லை. அன்றைக்குத்தான் லாரல் லிக் ஒரு நல்ல காரியம் செய்யப்போய் எல்லாவற்றையும் கெடுத்தது. யாரும் யாரோடும் கலந்து பேசவில்லை. ஆனால் ஒவ்வொருவர் மனதிலும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது. மத்தியானம் ஊரே டிரக்குகளில் ஏறி மாஜிஸ்திரேட் அறைக்குப் போய்விட்டது. போதகர் எழுந்து நான்காவது சத்தத்தைத் தான் நேற்றுக் காலை கேட்டதாகச் சொன்னார். கிரிட் தான் கேட்டது செவ்வாய்க்கிழமை என்றார். எல்பர்ட் விடியற்காலை என்றார். இப்படி முப்பத்தொரு பேர், முப்பத்தொரு நேரம். ரோர்க் தலையில் கைவைத்துக்கொண்டார். ஸெல்லா காலண்டரைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நான் ஒண்ணு கேட்டேன்” என்றார் மாஜிஸ்திரேட். “நீங்க முப்பத்தொண்ணு கொண்டாந்திருக்கீங்க. எழுதினா என் தீர்ப்புப்படி துப்பாக்கி என்னோடது.”

ஓர்ஃபா எழுந்தாள். “எழுதாதீங்கய்யா. இவங்க யாரும் ஒண்ணும் கேக்கல. எனக்காகச் சொல்றாங்க. எனக்காக யாரும் வேதப் புஸ்தகத்துமேல கைவெச்சுப் பொய் சொல்ல வேணாம்.” போதகர் தரையைப் பார்த்தார். மாஜிஸ்திரேட் முப்பத்தொன்றையும் அடித்தார். எண்ணிக்கை அறுபத்தொன்றில் நின்றது. ஓர்ஃபா நாற்காலியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டாள்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வெர்லின் உள்ளே வந்தான். பள்ளத்தாக்கில் அன்று தங்கியவர்கள் அவனும் மரவியாபாரியும் மட்டும்தான். வழக்கு முடிந்தமாதிரிதான் என்று இருவரும் சரிவில் வெட்ட வேண்டிய மரங்களுக்கு வெள்ளை அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் விரலெல்லாம் பெயிண்ட். மேல்பையில் கையெழுத்துக்கான காகிதம் எட்டிப் பார்த்தது. தொப்பியைக் காணோம். சடங்குக்காக, வேறொன்றுமில்லை, மாஜிஸ்திரேட் புத்தகத்தை அவன் பக்கம் தள்ளி, “வெர்லின், நீ ஏதாவது கேட்டியாப்பா?” என்றார்.

வெர்லின் புத்தகத்தைப் பார்த்தான். கையை வைத்தான், எடுத்தான், பெயிண்டைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மலைச்சரிவு அவனுடையது. மரவியாபாரி வாய் திறக்கப்போவதில்லை. அந்த ஆள் சத்தம் கேட்ட வேகத்தில் சரிவில் உருண்டு காரில் ஏறி இரண்டு மாவட்டம் தாண்டிவிட்டார்.

“மூணேகாலுக்கு” என்றான் வெர்லின். “மேல பெரிய பீச் மரத்துக்கிட்ட. என் காதுப் பக்கம். தொப்பி எங்க போச்சுன்னே தெரியல.” பிறகு, தோற்றது போதாதென்று, ஓர்ஃபாவைப் பார்த்து முறைத்தான். “குறியும் தப்பியிருக்கும் அண்ணி. அந்த மரத்துல இப்ப ஒரு அணில்கூடக் கிடையாது.”

“தப்பல. கிறிஸ்துமஸுக்கு மறுநா நீ எங்க வீட்டுல ரெண்டு தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டியே, அது அந்த அணில்தான்.”

மாஜிஸ்திரேட் அறுபத்திரண்டு என்று எழுதி, பூட்டைத் திறந்து துப்பாக்கியை அவளிடம் கொடுத்தார்.

வெர்லின் ஏன் உண்மையைச் சொன்னான் என்பது குறித்து ஊரில் நாலு விதமாகப் பேச்சு உண்டு. நரக பயம் என்றார் போதகர், அவருக்கு அது வேண்டியிருந்தது. அந்தச் சத்தம் அவனுடைய காதில் வேறு ஏதோ சொல்லியிருக்கிறது என்றாள் அவன் மனைவி. முப்பத்தொரு பேர் தன் அண்ணிக்காகப் பொய் சொன்னது தெரியாமல், அவன் ஒருவன்தான் அவளுக்காக உண்மை சொன்னான் என்பதை மட்டும் ஓர்ஃபா கவனித்தாள். அன்று மாலை அவனை டிரக்கின் முன்சீட்டில் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

அந்த வசந்தத்தில் கிரிட்டின் கடையில் அதே மலிவுத் துப்பாக்கி பத்தொன்பது விற்றது. ஆசைப்பட்டு வாங்கியவர்கள் சுட்டுப் பார்த்தார்கள். எல்லாத் துப்பாக்கியும்போல அதுவும் உடனே வெடித்தது. ஏமாந்துபோனார்கள், ஆனால் ஒருவரும் திருப்பிக் கொடுக்கவில்லை. சேற்றில் விழுந்தால் கழுவிவிடலாம், மழையில் நனைந்தால் துடைத்துவிடலாம், பழுதுபார்க்க ஆள் தேட வேண்டாம். உள்ளே ஒரே தோட்டாதான் என்று தெரிந்த கை கொஞ்சம் நிதானமாகவே நீளும். தோட்டாவுக்கு ஓர் அணில் என்பது அங்கே புது வழக்கமாயிற்று. ஐந்து தோட்டாத் துப்பாக்கிகள் வந்தன, உள்ளே சுருள்வில் உடைந்து நகரத்துக்குப் பழுதுபார்க்கப் போயின. கதவுக்குப் பின்னால் நின்றவை அப்படியே நின்றன. ஓர்ஃபாவின் சத்தங்கள் இப்போது நான்கைந்து மாதம் தள்ளி வருகின்றன. பிரசங்கத்தின் நடுவே வந்தால் போதகர் நிறுத்தி, அது ஓயும்வரை பொறுத்து, விட்ட இடத்தில் தொடர்கிறார். பருவம் முடிந்த பிறகு வருபவற்றுக்கு வேட்டை அலுவலகத்தில் தனியாக ஒரு படிவமே அச்சடித்துவிட்டார்கள்.

ரோர்க் ஓர்ஃபாவைத்தான் கட்டிக்கொள்வார் என்று ஊரே முடிவுசெய்து, யார் என்ன பலகாரம் கொண்டுவருவது என்பதுவரை பேசிவைத்திருந்தது. அவர் ஜூனில் ஸெல்லாவைக் கட்டிக்கொண்டு கீழ்மாவட்டத்துக்குப் போனார்; மூன்று வாரம் ஒரு கொட்டகையில் சத்தத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கு வேறென்ன ஆகும். காலண்டரை இப்போது போதகரின் மனைவி பார்த்துக்கொள்கிறாள், அவ்வளவு சுத்தம் இல்லை. வெர்லின் டேட்டனுக்குப் போய்க் குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலையில் சேர்ந்தான். போகும்போது நிலத்தில் தன் பாதியை அண்ணியின் பெயருக்கே எழுதிக் கொடுத்தான். ஐவா கிரிட்டின் தம்பி மகனை மணந்து மலைக்கு அந்தப்பக்கம் இருக்கிறாள், இளையவள் ஆசிரியைப் பயிற்சிக்குப் போனாள். ஓர்ஃபாவை இரண்டு பேர் பெண் கேட்டு வந்தார்கள். இருவரிடமும் அப்போதே, அந்த நிமிடமே, வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பீச் மரங்களுக்கு அடியில் அணில் பார்க்கப் போனாள்.