இன்னும் வேகவில்லை

தகரக் கேற்றை யாரோ உள்ளங்கையால் ஓங்கி அடித்தார்கள். அடுப்படியில் குந்தியிருந்த அன்ரனீற்றாவின் கையிலிருந்து குறடு நழுவியது. நெருப்புக் கரி ஒன்று அவள் பாதத்தோரம் விழுந்து சிதறியது.

"அன்ரனீற்றாக்கா! ஆள் வந்திட்டாரு! ஓடி வாங்க!"

காலிதீனின் குரல். கல்முனை பஸ் நிலையத்தில் ஓட்டோ ஓட்டுகிறவன். பின்னேரம் வரவேண்டியவர்கள் மத்தியானத்துக்கே வந்து நிற்கிறார்கள். சட்டியை அடுப்பில் ஏற்றி இன்னும் நன்றாகச் சூடுகூடப் பிடிக்கவில்லை.

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி ஓடினாள். முதலில் இறங்கியவர் அவள் கணவர் பெனடிக். கையில் ஒரு துணிப்பை. அவருக்குப் பின்னால் குனிந்து இறங்கினான் றொஜன். பதினைந்து வயதில் அவள் அனுப்பி வைத்த பிள்ளை, இப்போது தகப்பனைவிட உயரமாக நின்றான். இடப்பக்கக் கன்னம் மட்டும் உள்ளே இழுபட்டுக் கிடந்தது.

அன்ரனீற்றா அவனைக் கட்டிப் பிடித்தாள். அவன் தோளுக்கு மேலால் அவளுடைய கண்கள் ஓட்டோவின் பின்சீற்றைத் தேடின. சீற் வெறுமையாக இருந்தது. பெனடிக் அதைக் கண்டார். கண்டும் காணாதவர்போல் பையை மறுகைக்கு மாற்றினார்.

"உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ தம்பி" என்றாள் காலிதீனிடம்.

"நல்ல கதை! உங்கட சட்டியில கெடக்குறவர் இஞ்ச வரைக்கும் உறுமுறாரு. நான் கேற்றோட போயிர்ரன்." சிரித்துக்கொண்டே ஓட்டோவைத் திருப்பினான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "தம்பிக்கு நல்லாச் சாப்பிடக் குடுங்கக்கா" என்றான்.

சட்டியில் கிடந்தது பன்றியின் முன்னங்கால். தோலும் நரம்பும் எலும்புமாக, யாரும் விரும்பிக் கேட்காத துண்டு. அவர்களுக்குக் கட்டுபடியானது அதுதான். முதல் நாள் அம்பாறை ரவுனுக்குப் போய் வாங்கி, வாழையிலையில் சுற்றி, பைக்குள் பை வைத்து, மேலே ஒரு கீரைக்கட்டைப் போட்டு மறைத்துக்கொண்டு, சம்மாந்துறை முஸ்லிம் சனம் நிறைந்த பஸ்ஸில் மடியில் வைத்தபடி வந்தாள். இரவு முழுவதும் வினாகிரியிலும் உப்பிலும் மிளகிலும் உள்ளியிலும் ஊற வைத்தாள்.

நல்ல துண்டு என்றால் சீக்கிரம் வெந்துவிடும். இது அப்படியல்ல. கனத்த இரும்புச் சட்டியில் வைத்து மூடி, அடியில் கொஞ்சம் தணல், மூடியின் மேல் கொஞ்சம் சிரட்டைக் கரி என்று இரண்டு நெருப்புக்கும் நடுவில் போட்டுவிட வேண்டும். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் தோல் கருகும், உள்ளே இறைச்சி ரப்பராகிவிடும். காத்திருந்தால் நரம்பெல்லாம் உருகி, பல்லே இல்லாதவன்கூட நாக்கால் நசுக்கித் தின்னலாம்.

அதற்காகத்தான் இந்தச் சமையல். றொஜனின் இடத்தாடையில் பல் இல்லை. முள்ளிவாய்க்காலில் ஷெல் துண்டு வந்து அடித்தது. யுத்தம் முடிந்த பிறகு ஆமி அவனை அடைத்து வைத்திருந்த முகாமுக்குப் பார்க்கப் போனபோது, அவள் கொண்டுபோன முறுக்கை வாயில் வைத்து ஊறவைத்து ஊறவைத்து விழுங்கினான். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்றைக்குத்தான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "தங்கச்சி எங்க மகன்?"

பக்கத்தில் துவக்கோடு ஓர் ஆமிக்காரன் நின்றான். றொஜன் அவனைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். "வெளிய வந்து சொல்றன் அம்மா."

அவ்வளவுதான். அதற்குள் நேரம் முடிந்தது என்றார்கள்.

அந்த ஒரு வசனத்தின் மேல் அன்ரனீற்றா ஒரு வீடே கட்டினாள். இங்கே சொல்ல முடியாது என்றால் என்ன அர்த்தம்? மகள் றெஜிதா எங்கோ ஒளிந்திருக்கிறாள். சொன்னால் பிடித்துவிடுவார்கள். வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போயிருப்பாள். இல்லாவிட்டால் ஏதாவது கன்னியர் மடத்தில் பெயரை மாற்றி இருப்பாள். அதே வசனத்தைப் பெனடிக்கும் கேட்டார். திரும்பி வரும் வழி முழுக்க அவர் பஸ் ஜன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பியிருந்தார்.

இரண்டு பிள்ளைகளையும் கிளிநொச்சிக்கு அனுப்பியது அவள்தான். சுனாமி அவர்களுடைய கடற்கரை வீட்டை அத்திவாரத்தோடு அள்ளிக்கொண்டு போயிருந்தது. கூடாரத்துக்குள் குமர்ப்பிள்ளையை வைத்துக்கொண்டு படுக்க முடியவில்லை. "மாமி வீட்டில கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றாள். பெனடிக் வேண்டாம் என்றார். அவள் அழுது சாதித்தாள். பிறகு சண்டை தொடங்கி, கிளிநொச்சிக்குப் போகும் பாதையைப் பூட்டினார்கள். றொஜனை இயக்கம் கொண்டுபோனது. மாமி புதுக்குடியிருப்பில் செத்தாள். யுத்தம் முடிந்தது என்று வெடி கொளுத்தி ஒரு வருடமும் போய்விட்டது.

இன்றைக்கு விடியுமுன் முகாமுக்குப் புறப்பட்ட பெனடிக்கிடம் அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "நீங்க வழியில ஒண்டும் கேக்கக் கூடா. பிள்ளை வந்து வயிறாறச் சாப்பிடட்டும். மறுகா நான் கேப்பன்."

றொஜன் கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து, அடுப்படியில் தேங்காய் துருவும் பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"அதில இரிக்காத. எழும்பேக்க பலகையும் ஒட்டிக்கிட்டுக் கூடவே வரும்" என்றாள்.

"அங்க இரிந்த இரிப்புக்கு இது சிம்மாசனம் அம்மா."

இருவரும் சிரித்தார்கள். சிரிக்கும்போது அவன் வாயைக் கையால் மூடிக்கொண்டான். கச்சான் காற்று சுழன்று அடித்தது. மூடியின் மேல் சாம்பல் பறந்து உள்ளே கரி சிவந்தது. அவள் குறட்டால் இரண்டு கரியை எடுத்துக் குறைத்தாள்.

"அம்மா..." அவன் தொடங்கினான்.

"சாப்பிட்டிட்டுக் கதைப்பம் மகன். முதல்ல போய்க் கொஞ்சம் சாய்ஞ்சிரு."

அவன் எழுந்து போனான். அவளுக்கு மூச்சு வந்தது. ஏன் அப்படி ஒரு நிம்மதி என்று அவள் யோசிக்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் ஹாஜறா உடுப்புக் கொடியில் உடுப்பெடுத்துக்கொண்டிருந்தாள். சுனாமி வீட்டுத் திட்டத்தில் பக்கத்து வீடு கிடைத்த நாளிலிருந்து இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. பன்றி சமைக்கும் நாளில் அன்ரனீற்றா முன்கூட்டியே சொல்வாள். ஹாஜறா உடுப்பை எடுத்து ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். இன்றைக்குச் சொல்ல மறந்துபோனது.

"மன்னிச்சிரு ஹாஜறா. அவன் வாற அந்தரத்தில..."

"சும்மா இரி புள்ள. காத்து என்ட வீட்டப் பாத்துத்தான் அடிக்குது, அதுக்கு நீ என்ன செய்வாய்? எனக்கு இண்டைக்கி மூக்கடைப்பு." ஹாஜறாவுக்கு மூக்கடைப்பு ஒன்றும் இல்லை. கொடியைப் பிடித்தபடி குரலைத் தாழ்த்தினாள். "றெஜிதாட கதை என்னவாம்?"

"இன்னும் கேக்கல்ல. சாப்பிட்டதுக்குப் புறகு."

"எப்ப கா வேகும் உன்ட சட்டி?"

"அது... நேரம் எடுக்கும்."

ஹாஜறா கொடியில் கிடந்த கடைசிச் சட்டையை உருவினாள். அவளுடைய மூத்த மகனைச் சுனாமி கொண்டுபோயிருந்தது.

"நான் கடக்கரையில நிண்டு கடலத்தான் பாத்துக்கிட்டு நிண்டன். ஆர் கூப்பிட்டும் நான் வீட்ட வரல்ல. அவன் நீந்தி வருவான் எண்டு. அவன்ட மையத்துக் கிடைச்ச அண்டைக்குத்தான் சோறு திண்டன். கேட்டுரு புள்ள. கேக்காம விட்டா நீ கடக்கரையிலதான் நிப்பாய்."

"உன்ட வாயில நல்ல சொல்லே வராது!"

சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்பது அன்ரனீற்றாவுக்கே கேட்டது. ஹாஜறா கோபிக்கவில்லை. உடுப்பை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஜன்னல் திறந்தே கிடந்தது.

வெயில் சாய்ந்தது. வாசம் மாறியது. முதலில் வினாகிரியின் காரம் மணந்தது. பிறகு மிளகும் உள்ளியும். இப்போது கொழுப்பு உருகித் தோலில் சிவந்து பிடிக்கும் அந்தக் கனத்த மணம் வீடெல்லாம் நிறைந்தது. பெனடிக் வந்து துணியால் மூடியைப் பிடித்துத் தூக்கினார். அகப்பைக் காம்பால் மெல்லத் தொட்டார். எலும்பு தானாகக் கழன்று சரிந்தது.

"வெந்திட்டு" என்றார்.

"இன்னும் வேகல்ல."

"எலும்பு கழண்டு போச்சு அன்ரனீற்றா."

"அவனுக்குப் பல்லில்ல. இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும்." அவள் மூடியைப் பிடுங்கி மூடினாள். அரைக் கோப்பைத் தண்ணீர் விட்டாள். புதிதாக இரண்டு சிரட்டையை மேலே வைத்து ஊதினாள்.

பெனடிக் போய்த் திரும்பி வந்தார். றொஜன் முன்வாசலில் உட்கார்ந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அவனுக்குப் பசிக்கும் என்றார். அவள் இன்னும் கொஞ்சம் என்றாள். மறுபடி வந்தார். இப்போது சட்டிக்குள்ளிருந்து சத்தமே வரவில்லை. தண்ணீர் வற்றி, இறைச்சி நார்நாராகப் பிரிந்து, அடி பிடிக்கத் தொடங்கியிருந்தது. இலேசான தீய்ந்த வாசம்.

"கருகுது. இறக்கு."

"எனக்குச் சமைக்கத் தெரியும். நீங்க போங்க!"

அவர் போகவில்லை. அவளுக்கு எதிரே குந்தினார். இத்தனை வருடமாகக் கடலுக்குப் போய்க் காய்த்துப்போன அந்தக் கையால் அவள் கையிலிருந்த குறட்டை வாங்கினார்.

"நீ எனக்கு வாய் திறக்கக் கூடா எண்டாய். திறக்கல்ல. பஸ்ஸில என்ட தோளில சாஞ்சு நித்திரை கொண்டான். நித்திரையில அழுதான். அப்பயும் நான் கேக்கல்ல. இப்ப நீயும் கேக்கிறாயில்ல. ஆரு அன்ரனீற்றா கேக்கிற?"

"ஒரு நாள்... இண்டைக்கி ஒரு நாள் போகட்டும்."

"மறுகா நாளைக்கு?"

அவள் புகை கண்ணில் பட்டதுபோல் முகத்தைத் திருப்பினாள். அடுப்பில் புகை இல்லை, தணல்தான் இருந்தது. அவளுடைய றெஜிதா இந்தியாவிலும் மடத்திலுமாக இத்தனை மாதம் நடமாடிக்கொண்டிருந்தாள். அவள் தலைபின்னினாள், தண்ணீர் அள்ளினாள், காய்ச்சலில் படுத்தாள், எழும்பினாள். இந்தச் சட்டி அடுப்பில் இருக்கும்வரை அவள் இருப்பாள்.

வாசலில் நிழல் விழுந்தது. றொஜன் நின்றான். எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியவில்லை.

அவன் ஒன்றும் கேட்காமல் தட்டத்தை எடுத்தான். சோற்றைப் போட்டான். மூடியின் மேலிருந்த கரியைத் தட்டிவிட்டு, வெறுங்கையால் மூடியைத் தூக்கி வைத்தான். கை சுட்டது அவனுக்குத் தெரிந்ததாகவே இல்லை. கருகிய அடியைச் சுரண்டாமல் மேலாக அள்ளி, தாய்க்கு எதிரே தரையில் சப்பாணி கட்டி உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினான்.

இறைச்சி சோற்றோடு கரைந்தது. அவன் மெல்லவே தேவையிருக்கவில்லை. ஒரு வாய், இன்னொரு வாய், இன்னொன்று. ருசி பார்க்கிறவன்போல் இல்லை. மருந்து குடிக்கிறவன்போல், முடிக்க வேண்டுமென்று முடித்தான். பெனடிக் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தட்டம் வெறுமையானது. விரலை வழித்து நக்கினான். தட்டத்தைத் தாயின் முன்னால் மெல்லத் தள்ளி வைத்தான்.

"சாப்பிட்டிட்டன் அம்மா. இனிக் கேளுங்க."

அன்ரனீற்றா வாயைத் திறந்தாள். சேலைத் தலைப்பை முறுக்கினாள், அவிழ்த்தாள், மறுபடி முறுக்கினாள். வெறுந்தட்டத்தைப் பார்த்தாள்.

"உப்புக் காணுமா மகன்?" என்றாள்.

றொஜன் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"காணும் அம்மா. தங்கச்சிய என்ட கையாலதான் மண் போட்டு மூடினன்."