சுவிசேஷமுத்துவின் பேனர் எந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது?

1

இடுப்பு வலி. செங்கல் இறக்கிய காலத்து வலி, உட்கார்ந்து எழுதினால் கூடுகிறது. பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நிற்க முடியாமல் ஒரு பேனர் கடையில் நாற்காலி கேட்டேன். நாற்காலியோடு இந்தக் கதையும் கிடைத்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மென்பொருள் எங்கே குடியிருக்க வேண்டும் என்பது நம் காலத்தின்…' (அடித்துவிட்டேன். கொத்தனார் இப்படிப் பேசினால் சித்தாள் சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார்.)

2

கடை முதலாளி துரைராஜ். டிசைன் போடுகிறவள் ஜெரூஷா.

"டெஸ்க்டாப்லாம் இனிமே வேணாம் ஜெரூஷா. எல்லாத்தையும் பிரவுசர்லயே போடு. நான் வூட்லருந்தே பாத்துக்குவேன்."

"கம்ப்யூட்டர்ல கீறது நம்மளுது சார். அங்க கீறது எவன் கையிலயோ."

"பேஜார் பண்ணாத."

(ஜெரூஷாவை ரொம்ப அறிவாளி ஆக்குகிறேனோ? பொறுங்கள், அவளும் சொதப்புவாள்.)

3

சுவிசேஷமுத்து இறந்தார். நாலு மணிக்கு அடக்கம். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு மகன் அசரியா வந்து நின்றான். அந்த நேரம் பார்த்து பிரவுசர் ஜெரூஷாவை வெளியே தள்ளி ஓடிபி கேட்டது. அது முதலாளியின் போனுக்குத்தான் போகும். போன் ஸ்விட்ச் ஆஃப்.

துரைராஜ் எங்கே? அதே சாவு வீட்டுப் பந்தலில். மரியாதைக்காகப் போனை அணைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் அலுத்துக்கொண்டிருந்தார்: "இன்னும் பேனர் வரல. அந்தப் பொண்ணு இன்னா பண்ணிக்கினு கீது?"

(இவ்வளவு பொருத்தமாக நடக்குமா என்பீர்கள். நடக்காது. நான்தான் உட்கார வைத்தேன்.)

4

மூலையில் பழைய டெஸ்க்டாப். சுவிட்சைப் போட்டதும் உயிர் வந்தது. அதில் ஜெரூஷா முன்பு செய்த சுவிசேஷமுத்துவின் அறுபதாம் பிறந்தநாள் பேனர்.

"இதையே மாத்திக் குடுங்கக்கா. அம்மா இந்தப் போட்டோவத்தான் கேட்டாங்க."

கேக்கை அழித்தாள். பலூன்களை அழித்தாள். தலைப்பை மாற்றினாள். அவசரத்தில் அடிவரியைப் பார்க்கவில்லை. பந்தல் வாசலில் கட்டியதும் துரைராஜ்தான் வாய்விட்டுப் படித்தார்: "இன்னும் நூறாண்டு வாழ்க. இப்படிக்கு நண்பர்கள்."

5

முடிவு ஒன்று: சுவிசேஷமுத்துவின் மனைவி யூனிஸ் சிரித்துவிடுகிறார். (மலிவு. என் வசதிக்கு அந்த அம்மா ஏன் சிரிக்க வேண்டும்?)

முடிவு இரண்டு: "பாத்தியா, டெஸ்க்டாப்பால வந்த வினை!" "நீங்க போனை ஆன்ல வெச்சிருந்தா சார்…" (இந்தச் சண்டை முடியாது. இன்றும் கடையில் ஓடுகிறது.)

முடிவு மூன்று: அசரியா அடி ஓரத்தை மடித்துக் கட்டுகிறான். அடியில் வரிசையாக இருந்த நண்பர்கள் முகமும் சேர்ந்து மடிகிறது. நண்பர்களுக்குக் கோபம்.

வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். பிரவுசரா, டெஸ்க்டாப்பா என்பதையும் நீங்களே சொல்லுங்கள். எதை எடுத்தாலும், யூனிஸுக்கு அந்தக் கடை ஒரு ஒழுங்கான பேனர் பாக்கி. இன்னும் தரவில்லை.